வில் உடைந்த கார்

எங்கள் கார் என் கணவர் மேல் விழுந்த மத்தியானம் நான் செங்கல்பட்டில், வீட்டு முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்திலிருந்து வந்த பஸ் கண்டக்டர்தான் சேதி கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே, "உன் வூட்டுக்காரர் மேல வண்டி சாஞ்சிடுச்சிம்மா. உசுரு கீது. சீக்கிரம் கெளம்பு" என்றார். 'உயிர் இருக்கிறது' என்று தனியாகச் சொல்லவேண்டி வந்ததே, அதைக் கேட்டுத்தான் முறத்தைப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட ஓடினேன்.

அவர் வாடகைக் கார் ஓட்டினார். ரயிலில் வந்து இறங்குகிறவர்களைத் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் கூட்டிப்போய் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது பிழைப்பு. கார் யுத்தத்துக்கு முந்தைய சீமை வண்டி. எங்களிடம் வருவதற்கு முன் எத்தனை பேர் கை மாறியதோ தெரியாது. மைல் காட்டும் மீட்டர் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி முடித்து மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. எஞ்சினை அவர் கண்ணாக வைத்திருந்தார். ஆனால் அடியில் இருந்த விற்கள் தளர்ந்துபோயிருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள்தான் அந்த விற்கள். அவை வளைந்து கொடுத்தால்தான் பள்ளத்தின் அடி உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. எங்கள் வண்டியில் அவை வளைவு போய், துருவேறி, ஒரே கட்டையாக நின்றன. ஒரு தடவை திருக்கழுக்குன்றம் வரை நானும் போனேன். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். "கல்யாண சீசன் முடியட்டும், வில்லெல்லாம் எறக்கி பாத்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு மாமல்லபுரத்தில் சவாரி இறங்கிக் கடற்கரைப் பக்கம் போனபோது, பின்பக்க இடது வில்லில் தாய்ப்பட்டை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளப் பட்டை, முறிந்து கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். மரக்கட்டை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டால் ஊர் போய்ச் சேரலாம் என்று ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் நுழைந்திருக்கிறார். ஜாக்கிக்குக் கீழே பலகை வைத்துத்தான் தூக்கினார். ஆனால் பலகைக்குக் கீழே மணல். ஜாக்கி சாய்ந்தது. வண்டி அவர் இடுப்பின்மேல் இறங்கிவிட்டது. பக்கத்துக் கொட்டகையில் சிலை கொத்திக்கொண்டிருந்த கல் தச்சர்கள் உளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, வெறும் கைகளால் காரைத் தூக்கி அவரை இழுத்திருக்கிறார்கள்.

நானும் என் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது அவரைப் பக்கத்திலிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் கிடத்தியிருந்தார்கள். கோயில் வீதியோடு ஒட்டிய சின்ன வீடு. முன்னறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் சமையலறைக்கும் பின்கட்டுக்குமாக ஒதுங்கிக்கொண்டார்கள். நாங்கள் என்ன சாதி, என்ன மதம் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. வாத்தியார் மனைவி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் கிடந்தவரின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல புள்ள" என்றார். சொல்லும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

மறுநாள் செங்கல்பட்டிலிருந்து டாக்டர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். வெகுநேரம் பார்த்தார். மூத்திரம் இறங்காமல் வயிறு உப்பியிருந்ததால் குழாய் வைத்தார். இரத்தமாக வந்தது. என்னையும் அண்ணனையும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இடுப்பு எலும்பு நாலஞ்சு எடத்துல விட்டிருக்கு. உள்ளே காயம். இப்ப அசைச்சா இரத்தம் நிக்காது. மூணு நாலு நாள் அப்படியே கெடக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தே ஆகணும், ஆபரேஷன் இல்லாம முடியாது. ஆனா வர்ற வழியில ஆட்டம் கூடாது. ஒரு பெரிய குலுக்கல் போதும், எலும்பு முனை உள்ளே குத்திடும்."

"எதுல சார் கொண்டார்றது?" என்று அண்ணன் கேட்டான்.

டாக்டர் யோசித்தார். ஆஸ்பத்திரி வண்டி வேறெங்கோ வெகுதூரம் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியவில்லை, அனுப்பப் பார்க்கிறேன் என்றார். பஸ்ஸில் படுக்கவைக்க முடியாது. மாட்டுவண்டி என்றால் அடிக்கு ஒரு குலுக்கல். கால்வாயில் படகு போகும்தான். ஆனால் அது செங்கல்பட்டுப் பக்கமே வராது, பட்டணத்துக்குப் போகும், அதுவும் காற்று எதிராக இருந்த நாட்கள். திருக்கழுக்குன்றத்தில் வாடகைக் கார் வைத்திருந்த ஒருவரை அண்ணன் போய்க் கூட்டிவந்தான். அவர் என் கணவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வண்டி இத வுட மோசம்மா. ஏத்திகினு போயி நடு ரோட்ல ஏதாச்சும் ஆச்சின்னா என்னால தாங்க முடியாது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கட்டிலில் இருந்து அவரே பேசினார். "மச்சான், நம்ம வண்டியவே பாரு. முன்னாடி பக்கத்து சீட்ட கழட்டி எறிஞ்சிட்டா பின் சீட்டு வரைக்கும் பலகை போடலாம். ஆளு நீட்டி படுக்கலாம். வில்லு மட்டும் சரி பண்ணணும்."

"உன் மேல வுழுந்த வண்டி மச்சான் அது" என்றான் அண்ணன்.

"வேற வண்டி இருந்தா சொல்லு."

என் அண்ணன் ஒரு நெல் மண்டியில் லாரி ஓட்டினான். ஓட்டத் தெரியும். ரிப்பேர் என்றால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறவன். ஆனாலும் சரி என்றான். கல் தச்சர்கள் காரைத் தள்ளிக்கொண்டுவந்து வாத்தியார் வீட்டுப் பக்கவாட்டில், கிணற்றடியின் கெட்டித் தரையில் நிறுத்தினார்கள். இனி ஜாக்கியை நம்பவேண்டாம் என்று சொல்லி, சதுரமாக வெட்டிய கருங்கற்களை உருட்டிவந்து சட்டத்துக்கு அடியில் நாலு மூலையிலும் அடுக்கிக் கொடுத்தார்கள். சிலைக்காக வெட்டிவைத்த கற்கள் அவை.

கார் நின்ற பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அவரால் தலையைத் திருப்பிப் பார்க்க முடியாது. சத்தம் மட்டும் கேட்கும். அவர் உள்ளிருந்து சொல்லச் சொல்ல அண்ணன் செய்யவேண்டும் என்று ஏற்பாடு.

அண்ணன் ஸ்பேனரோடு குனிந்தான். பாதி உடம்பு உள்ளே போயிருக்கும். சடாரென்று வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சட்டை நனைந்திருந்தது. என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தான்: "முடியலம்மா. அடியில அவன் ரத்தம் காஞ்சி கீது. கண்ணுக்கு நேரா கீது."

உள்ளே இருந்து குரல்: "மச்சான், வில்ல அச்சோட கட்டியிருக்கிற யூ போல்ட்டு தெரியுதா?"

அண்ணன் என்னையே பார்த்தான். அவனுக்கோ பெரிய உடம்பு, அந்த இடுக்கில் கை திருப்பக்கூட அவனுக்கு இடம் போதாது. நான் வாத்தியார் மனைவியிடம் போய் ஒரு பழைய சட்டை கேட்டேன். எதற்கு என்று புரிந்ததும் அவர் முகம் வெளுத்தது. வாத்தியாருடைய சட்டை ஒன்றை எடுத்துக்கொடுத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தேன்.

பயம் என்றால் அதுதான் பயம். மேலே முழு வண்டியும் என் மூக்குக்கு நேராக நின்றது. கல் அசையாது என்று அறிவுக்குத் தெரியும். உடம்பு நம்பவில்லை. யா அல்லா, யா அல்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் இரத்தம் அச்சின்மேல் கறுப்பாகக் காய்ந்திருந்தது. முந்தானை முனையில் துப்பி நனைத்து முதலில் அதைத் துடைத்தேன். பிறகுதான் ஸ்பேனரைப் பிடிக்க முடிந்தது.

"தெரியுது மச்சான்" என்று அண்ணன் என் சார்பில் பதில் சொன்னான்.

அப்படித்தான் அந்த வேலை முழுக்க நடந்தது. அடியில் இருப்பது நான் என்று தெரிந்தால் வேலையையே நிறுத்தச் சொல்லிவிடுவார் என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவர் கட்டிலிலிருந்து சொல்வார். அண்ணன் ஜன்னலடியில் குந்தி, அவருக்குப் பதில் கொடுத்துக்கொண்டே, நான் கேட்கும் சாமானை நீட்டுவான். துருப்பிடித்த நட்டு அசையாது. "மண்ணெண்ண ஊத்தி ஊறவை. அவசரப்பட்டா போல்ட்டு முறியும்" என்பார். ஊற்றிய மண்ணெண்ணெய் என் கண்ணில் சொட்டும். அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் வாத்தியார் மனைவி, "குளிக்கப் போயிருக்குது", "கடைக்குப் போயிருக்குது" என்று ஏதாவது சொல்லிவிடுவார். கையை மணலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போய் அவர் நெற்றியில் ஈரத்துணி போடுவேன். கிரீஸ் வாடையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அறை முழுக்க மருந்து வாடை.

பின்பக்க விற்கள் இரண்டையும் இறக்கிப் பிரித்தோம். பட்டைகளுக்கு நடுவில் துரு செதில் செதிலாகக் கொட்டியது. விற்களைச் சட்டத்தோடு மாட்டும் ஊசிகள் பாதியாகத் தேய்ந்திருந்தன. அந்த ஊசிகள் உட்காரும் பித்தளை வளையங்கள், புஷ் என்பார்கள், முட்டை வடிவத்தில் அரைபட்டுப்போயிருந்தன. அண்ணன் அவற்றைத் துணியில் கட்டிக்கொண்டு லேத்துப் பட்டறைக்காகச் செங்கல்பட்டுக்கும், தாய்ப்பட்டைக்காகக் கருங்குழிக்கும் பஸ் ஏறினான். கருங்குழியில் நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய வண்டிகளை உடைத்துப் போடுகிற ஒருவர் இருந்தார்.

அன்று இருட்டுவதற்குள் திரும்பி வந்தவன் கையில் புது ஊசிகளும் புஷ்ஷும் மட்டும் இருந்தன. "பட்டை கெடைக்கல. இருக்கறது எல்லாம் லாரி பட்டை. அகலம் சேரல." அதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். நான் அழவில்லை. சாமான்கள் பரப்பியிருந்த கோணியின்மேல் உட்கார்ந்து, இனி அவரைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாமா என்று நிஜமாகவே கணக்குப் போட்டேன். அன்றுதான் அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. உடம்பு கொதித்தது. வயிறு பலகைபோல இறுகியது.

விடிந்ததும் அண்ணன் மறுபடி கருங்குழிக்கு ஓடினான். இந்தமுறை அந்த ஆளையே கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரில் வைக்கோல் போருக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய காரிலிருந்து பட்டையைக் கழற்றி வாங்கிவந்தான். எங்கள் பட்டையைவிட விரற்கடை நீளம் கூட. ஆனால் ஊசி கோக்கும் காது முழுசாக இருந்தது.

மற்றப் பட்டைகளுக்கு வளைவு ஏற்றவேண்டும். கல் தச்சர்களுக்கு உளி தீட்டிக்கொடுக்கும் கொல்லர் ஒருவர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். "உளிதான் எனக்குத் தெரியும், வில்லு தெரியாது. ஒடஞ்சிட்டா என்ன கேக்கக்கூடாது" என்று நாலுமுறை சொல்லிவிட்டு ஆரம்பித்தார். உலையில் வைக்காமல், பச்சை இரும்பாகவே, அங்குலம் அங்குலமாகச் சுத்தியால் தட்டினார். ஒன்று முறிந்தே போய்விட்டது. அதைத் தூக்கி எறிந்தார். நான் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மிச்சம் எல்லாம் வளைந்தன.

ஒன்று குறைகிறதே என்று அண்ணன் ஜன்னலடியில் நின்று சொன்னான். உள்ளே இருந்து மெதுவாக வந்தது அவர் குரல்.

"நல்லதுதான். இன்னும் ஒண்ண எடுத்துரு. எட்டு பேர ஏத்தறதுக்குன்னு நான்தான் கூட போட்டு வெச்சேன். இப்ப ஒரு ஆளுதானே போறேன். வில்லு மெத்துனு இருக்கணும்."

'ஒரு ஆளுதானே போறேன்' என்ற வார்த்தை எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. கிணற்றுக்குப் பின்னால் போய் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றேன்.

பட்டைகளை மணலால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கிரீஸ் பூசி அடுக்கிக் கட்டினோம். வண்டி ஒருமுறை குதித்தால் மறுபடி மறுபடி ஆடாமல் பிடித்துக்கொள்ளும் எண்ணெய்க் கிண்ணங்கள் சக்கரத்துக்கு ஒன்றாக இருந்தன. எல்லாம் வறண்டு கிடந்தன. அதற்கான எண்ணெய் கிடைக்கவில்லை. வாத்தியார் வீட்டு விளக்கெண்ணெயை ஊற்றச் சொன்னார் அவர். ஊற்றினோம். ஒழுகிய இடத்தில் புதுத் தோல் வெட்டி வைத்தோம்.

சீட்டைக் கழற்றிப் பலகை போட்டு, மெத்தை விரித்தாயிற்று. ஆனால் ஆட்டம் எப்படி இருக்கிறது என்று யார் சொல்வது? ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. நான் ஏறி, அவர் படுக்கவேண்டிய இடத்தில் நீட்டிப் படுத்துக்கொண்டேன். அண்ணன் திருக்கழுக்குன்றம் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினான். கண்ணை மூடிக்கொண்டு என் இடுப்பை மட்டும் கவனித்தேன். பள்ளங்கள் மெத்தென்று போயின. ஆனால் இடதுபக்கம் ஏதோ ஒன்று இடித்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'டக்' என்று வந்து இடுப்பில் விழுந்தது.

"நிறுத்துண்ணா. இதுல அவர் போக முடியாது."

"இதுக்கு மேல இன்னாம்மா பண்றது? காய்ச்சல் ஏறிகினே போவுது!"

"இடிக்குதுண்ணா!"

நடு ரோட்டில் நாங்கள் இருவரும் கத்திக்கொண்டோம். பிறகு திரும்பிவந்து மறுபடி கற்களின்மேல் ஏற்றி நான் அடியில் போனேன். தாய்ப்பட்டை விரற்கடை நீளம் கூட என்பதால், வில்லைத் தொங்கவிடும் இணைப்பு சாய்ந்து சட்டத்தில் தட்டியிருக்கிறது. லாரி டயரில் ஒரு துண்டு வெட்டித் தட்டும் இடத்தில் திணித்துக் கட்டினோம். மறுபடி படுத்துப் பார்த்தேன். இந்தமுறை சத்தம் இல்லை. என் இடுப்பு அமைதியாக இருந்தது.

அடுத்த நாள் வெயில் ஏறுவதற்கு முன் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து பலகையில் நகர்த்தினார்கள். அப்போதே ஒருமுறை நினைவு தப்பியது. நான் பின்னால் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் அவர் இடுப்புத் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மாடு நடக்கும் வேகத்தில் ஓட்டினான். எதிரே வண்டிகள் வந்தால் ஓரத்தில் நின்று வழிவிட்டோம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணன், "வருது" என்பான். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வண்டி இறங்கி ஏறும், தொட்டில்போல ஒருமுறை ஆடி நின்றுவிடும்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு மதகு. அதன் விளிம்பு உடைந்திருந்தது புல்லில் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கியது. முன்பக்க விற்களை நாங்கள் தொடவே இல்லை, நேரம் இல்லை. அடி நேராக மேலே வந்தது. அவர் அலறினார். அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குப் பிறகு யார் வாயிலிருந்தும் கேட்கவில்லை. பிறகு ஒன்றுமே இல்லை. கண் பாதி திறந்திருந்தது. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான்.

"போயிட்டானா?" என்றான்.

நான் காதை அவர் வாயருகே வைத்தேன். எதுவும் தெரியவில்லை, என் மூச்சே எனக்கு இரைந்தது. அவர் கன்னத்தைத் தட்டினேன். அப்புறம் அடித்தேன், ஓங்கி. உதடு அசைந்தது. "தண்ணி" என்றார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வாசலில் அந்த டாக்டரே நின்றிருந்தார். அன்றே ஆபரேஷன். உள்ளே சீழ் கட்டியிருந்ததாம், இன்னொரு நாள் போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்று என்னிடம் பிறகு சொன்னார். அப்புறமும் பலநாள் பிழைப்பாரா மாட்டாரா என்றே போனது. இரவு பகல் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தேன்.

காய்ச்சல் விட்டு அவர் தெளிந்த ஒருநாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு. கட்டைவிரலில் ஸ்பேனர் வழுக்கிக் கிழித்த காயம் பாதி ஆறியிருந்தது.

"இது கிரீஸ் ஆச்சே" என்றார்.

நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன்.

"அடியில போனது யாரு?"

"அண்ணன் ஒடம்புக்கு அங்க எடம் போதல" என்றேன்.

அவர் கையை விட்டார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சியும் வேண்டாம் என்றார். தோள் மட்டும் குலுங்கியது. கோபமா அழுகையா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் காலையில் அவராகவே கேட்டார்.

"பயமா இல்லியா?"

"இருந்துச்சி" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் கிடந்து எழுந்தபோது இடதுகால் குட்டையாகியிருந்தது. கிளட்சை அழுத்த முடியாது என்று தெரிந்ததும் அவர் இடிந்துபோனார். வீட்டு வாசலில் காரின் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தபடி வெறுமனே கிடந்த நாட்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்ததைவிட அந்த நாட்கள்தான் எனக்குக் கொடுமையாக இருந்தன. அப்போது அவர் உயிரோடு இருந்தார், ஆனால் எங்கேயும் போகவில்லை. கடைசியில் அண்ணன் மண்டி லாரியை விட்டுவிட்டு எங்கள் காரை ஓட்ட வந்தான். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சவாரி பேசுவார், போகிற வழியெல்லாம் அண்ணனைத் திட்டுவார். முதல் வேலையாக முன்பக்க விற்கள் இரண்டையும் இறக்கிச் சரிசெய்யச் சொன்னார். ஒர்க்ஷாப்பில் கொடுத்துத்தான் செய்தார்கள்.

பெருநாள் வந்தால் கறி சாப்பிடாத வாத்தியார் வீட்டுக்குப் பிரியாணிக்குப் பதிலாக, பால் சேமியா பாயசம் தனிப் பாத்திரத்தில் காய்ச்சி நானே கொண்டுபோவேன். இவரும் கூட வருவார். அந்தக் கிணற்றடியில் நிற்க மட்டும் மாட்டார். நேராக உள்ளே போய், தான் படுத்துக் கிடந்த அறையில் உட்கார்ந்து, வாத்தியாரோடு மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார். நானும் வாத்தியார் மனைவியும் சமையலறையில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், கீரை ஆய்வோம்.